சுவிட்சர்லாந்து: வீட்டில் நிரப்பப்படும் தோட்டாவும் வரிசையில் காத்திருப்போரும்

சுவிட்சர்லாந்தின் தலைநகரான பெர்னின் கிழக்கு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது ஓஸ்டர்முண்டிகன். பெர்னின் பழைய நகரத்தைக் கட்டியெழுப்பப் பயன்பட்ட மணற்கற்களை வழங்கிய கற்சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. இதன் ஓபர்ஃபெல்ட் பகுதியில் முன்னர் துப்பாக்கி சுடும் திடல் ஒன்று இருந்தது. இன்று அந்த இடத்தில், சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்ற உடன்பாட்டுடன் மக்கள் குடியேறிய கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்று எழுந்து நிற்கிறது.

அந்தத் திடலிலிருந்து துப்பாக்கியின் ஓசை அகன்றுவிட்டாலும், சுவிஸ் மக்களின் வாழ்க்கையிலிருந்து அது அகன்றுவிடவில்லை. நாடெங்கும் கிராமங்கள் தோறும் துப்பாக்கி சுடும் சங்கங்கள் இயங்குகின்றன. ஆண்டுதோறும் நடைபெறும் ஃபெல்ட்ஷீசன் எனப்படும் சுடும் விழாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்கின்றனர். இவர்களுள் ஒரு பகுதியினர், சுட்டபின் தரையில் விழும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துச் சென்று, வீட்டின் நிலவறையில் உள்ள சிறு பட்டறையில் அவற்றை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துபவர்கள்.

பணத்தை மிச்சப்படுத்தும் சிக்கனப் பழக்கமாகவே இது நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆனால், அண்மைய ஆண்டுகளில் அதற்குத் தேவையான பொருட்கள் விலையேறியும் அரிதாகியும் உள்ளன. மலிவான மருந்து எங்கே கிடைக்கும் என்பது பார்வைக்கு ஒரு பொழுதுபோக்காளரின் கேள்வியாகத் தோன்றக்கூடும். அதற்கான விடையைத் தேடிச் சென்றால், யுக்ரேன் போர், ஐரோப்பாவின் ஆயுதக் கொள்கை, சீனத்துப் பருத்தி, இறுதியாக இலங்கைக் கடவுச்சீட்டு வரை செல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு பொருட்கள்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உள்ளன. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்படும் பிரைமர் என்ற பற்றவைப்பு மூடி, உள்ளே இடப்படும் உந்துமருந்து, முனையில் அமரும் குண்டு ஆகியவையே அவை. சுட்டவுடன் பிரைமரும் மருந்தும் எரிந்து தீர்ந்துவிடும், குண்டு இலக்கில் புதைந்துவிடும். பித்தளைக் கூடு மாத்திரமே எஞ்சும். நான்கிலும் பெரும்பாலும் அதிக விலையுடையது அந்தக் கூடுதான் என்பதாலும், அதைப் பல தடவைகள் பயன்படுத்த முடியும் என்பதாலும்தான் வீட்டில் மீள்நிரப்புதல் இலாபகரமாகிறது.

எனினும், எல்லா வகைத் தோட்டாவிலும் இந்த இலாபம் கிடைப்பதில்லை. கைத்துப்பாக்கிக்கான 9 மில்லிமீட்டர் தோட்டா போன்று கோடிக்கணக்கில் தயாராகும் வகைகளில், தொழிற்சாலை விலைக்கும் வீட்டுத் தயாரிப்புச் செலவுக்கும் இடையிலான வித்தியாசம் குறுகியது. வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் அரிய அளவுகள், நூற்றாண்டு பழைமையான துப்பாக்கிகளுக்கான தோட்டாக்கள், துல்லியப் போட்டிகளுக்கானவை ஆகியவற்றில்தான் சேமிப்பு கணிசமாக இருக்கும். 1882ஆம் ஆண்டு மாதிரி சுவிஸ் இராணுவச் சுழல் துப்பாக்கியை இன்றும் பேணி வருபவருக்கு, மீள்நிரப்புதல் என்பது சேமிப்பு என்பதை விட, அந்தத் துப்பாக்கியைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான வழியாகவே இருக்கிறது.

இதில் பொறுமையும் கணக்கும் தேவை. அழுத்தும் கருவிக்கும் தராசுக்கும் அச்சுகளுக்கும் முதலில் செலவிட வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு தோட்டாக்கள் மட்டுமே சுடுபவருக்கு அந்த முதலீடு திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். தவறாக நிரப்பப்பட்ட ஒரு தோட்டா துப்பாக்கியைச் சிதறடித்து, சுடுபவரின் கண்ணையும் கையையும் பறித்துவிடக்கூடும் என்பதால், மலிவு என்பதற்காகத் தரமறியாத பொருளை வாங்குவது எவ்விதத்திலும் சிக்கனமாகாது.

அரசு தரும் மலிவுத் தோட்டா

சுவிட்சர்லாந்தில் மிக மலிவான தோட்டா வீட்டில் தயாராவது அல்ல, அரசு தருவதுதான் என்பது இந்தக் கதையின் முக்கியமான ஒரு முடிச்சு.

கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் உள்ள இந்நாட்டில், துப்பாக்கி வழங்கப்பட்ட படையினர் சேவைக்கு வெளியேயும் ஆண்டுதோறும் தங்கள் திறனைச் சுட்டுக் காட்ட வேண்டும். 300 மீட்டர் தூரத்தில் 20 தோட்டாக்களைக் கொண்டது அந்தக் கட்டாயப் பயிற்சி. ஃபெல்ட்ஷீசன் விழாவில் ஒருவர் சுடுவது 18 தோட்டாக்கள். இவற்றை நடத்துவது உள்ளூர்ச் சங்கங்கள், தோட்டாக்களை வழங்குவது இராணுவம். சங்கங்களின் ஏனைய பயிற்சிகளுக்கும் இராணுவத் தோட்டாக்கள் சலுகை விலையில் கிடைக்கின்றன. சமஷ்டி அரசின் பயிற்சிகளில் இராணுவத் தோட்டாவைத் தவிர வேறெதையும் பயன்படுத்த முடியாது என்பதால், வீட்டில் நிரப்பியதற்கு அங்கு இடமில்லை.

இந்த இராணுவத் தோட்டாக்களில் இரண்டு வகைகள் பிரபலமானவை. 1911ஆம் ஆண்டில் அறிமுகமான, 7.5 மில்லிமீட்டர் விட்டமுடைய ஜிபி 11 ஒன்று. தற்போதைய இராணுவத் துப்பாக்கிக்கான 5.6 மில்லிமீட்டர் ஜிபி 90 மற்றையது. ஜிபி 11 தோட்டாவின் கூட்டடி அமைப்பு பெர்டன் எனப்படும் முறையிலானது. எரிந்த பிரைமரை அதிலிருந்து எளிதில் அகற்ற முடியாது. ஆகவே, திடல்களில் குவியும் அந்தக் கூடுகள் வீட்டுப் பட்டறைக்குப் பெரிதாக உதவுவதில்லை. அதே அளவில் வேறு முறையில் தயாரிக்கப்பட்ட கூடுகளைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், அரசின் சலுகை விலை எட்டும் வரை வீட்டில் நிரப்புவதற்குப் பெரிய அவசியம் எழுவதில்லை. அந்தச் சலுகை முடியும் இடத்தில்தான் நிலவறைப் பட்டறை தொடங்குகிறது. ஆகவே, அரசின் விலைக் கொள்கையே அந்தப் பட்டறையின் எல்லையையும் வரைந்து வைத்திருக்கிறது என்று கூறலாம்.

சட்டம் சொல்வது

1997இல் நிறைவேற்றப்பட்டு, 1999 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சுவிஸ் ஆயுதச் சட்டம், தொழில் உரிமம் இல்லாதவர்கள் ஆயுதங்களையும் தோட்டாக்களையும் தயாரிப்பதைத் தடை செய்கிறது. ஆனால், சொந்தப் பாவனைக்காகத் தோட்டாக்களை மீள்நிரப்புவதற்கு அதே சட்டம் வெளிப்படையாக அனுமதி அளிக்கிறது. நிரப்பியதை விற்றால் அது வேறு விடயமாகிவிடும்.

தோட்டாவையும் அதன் பாகங்களையும் வாங்குவதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கியைப் பெறும் தகுதி எவருக்கு இருக்கிறதோ, அவர் மாத்திரமே அவற்றை வாங்க முடியும். உந்துமருந்தைப் பொறுத்தவரை, 1977ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்கின்றன. மருந்தையும் பிரைமரையும் சாதாரணப் பொதியாக அஞ்சலில் அனுப்ப முடியாது. எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் விலை குறைவாக இருந்தாலும், அனுமதியின்றி அங்கிருந்து கொண்டுவர முடியாது.

அயல்நாடுகளுடன் ஒப்பிடும்போது சுவிஸ் சட்டம் தாராளமானது. ஜெர்மனியில் வீட்டில் தோட்டா நிரப்ப விரும்புபவர், அதற்கான பயிற்சியை முடித்து, வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனி அனுமதி பெற வேண்டும். பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் சட்டமொன்று, பிரைமர்களை விற்பனை செய்வதற்கே உரிமச் சான்றைக் கேட்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிப்பதற்கு உரிமம் தேவை. துப்பாக்கி உரிமம் பெற்றவர் எத்தனை தோட்டாக்களை வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பதும் அந்த உரிமத்திலேயே குறிக்கப்படுகிறது.

சுவிஸ் அரசு எப்போதும் இவ்வாறு கைநெகிழ்ந்து இருந்ததில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1848ஆம் ஆண்டின் அரசியல் சாசனம், வெடிமருந்து தயாரிப்பதும் விற்பதும் சமஷ்டி அரசுக்கு மாத்திரமே உரிய உரிமை என்று அறிவித்திருந்தது. அன்று அரசே ஒரே விற்பனையாளர். இன்று சந்தை திறந்திருக்கிறது. திறந்த சந்தையில் யார் முதலில் வாங்குவார் என்பதுதான் இப்போதைய கேள்வி.

விம்மிஸ் முதல் யுக்ரேன் வரை

வெளிப்பார்வைக்கு, ஓஸ்டர்முண்டிகனில் வசிக்கும் ஒருவருக்கு மருந்துத் தட்டுப்பாடு வருவதற்குக் காரணமே இல்லை. அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள விம்மிஸில் உந்துமருந்துத் தொழிற்சாலை ஒன்று இயங்குகிறது. முன்னர் சமஷ்டி அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலையாக இருந்த அது, இன்று ஜெர்மனியின் ரைன்மெட்டல் நிறுவனம் பெரும்பங்கு வைத்திருக்கும் நைட்ரோகெமி குழுமத்தைச் சேர்ந்தது. வீட்டில் நிரப்புவோருக்கென்றே தனி வணிகப் பெயரில் மருந்து வகைகளை வெளியிட்டிருக்கும் நிறுவனமும் அதுதான்.

விம்மிஸுக்கு அண்மையில் உள்ள தூன் நகரில் தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான ருவாக் நிறுவனத்தின் கீழ் இருந்த அந்தத் தோட்டாப் பிரிவு, 2022இல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்துக்கு விற்கப்பட்டது. நாட்டின் தோட்டா உற்பத்தியை அந்நியர் கையில் கொடுப்பதா என்ற எதிர்ப்பு சுவிஸ் நாடாளுமன்றத்தில் அப்போது எழுந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் யுக்ரேன் மீது ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது அந்த விவாதத்துக்கு வலுவூட்டியது.

தொழிற்சாலை அருகில் இருப்பதால் மாத்திரம் பொருள் கிடைத்துவிடாது என்பதை அதன் பின் வந்த ஆண்டுகள் காட்டின. உந்துமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ் என்ற இரசாயனம். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறுநாரிலிருந்தோ, மரக்கூழிலிருந்தோ அது தயாரிக்கப்படுகிறது. நகப்பூச்சிலும் வர்ணங்களிலும் அச்சு மையிலும்கூட அது பயன்படுகிறது. ஐரோப்பிய ஆயுத நிறுவனங்கள் அந்தப் பருத்திக் குறுநாரில் பெரும்பகுதிக்குச் சீனாவையே நம்பியிருக்கின்றன.

ஒரு ரைஃபிள் தோட்டாவுக்குத் தேவைப்படும் மருந்து ஏறத்தாழ மூன்று கிராம். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டொன்றை அதன் உச்ச தூரத்துக்கு ஏவ, பத்து கிலோகிராமுக்கும் அதிகமான மருந்து தேவை. இரண்டுக்குமான மருந்துக் கலவை ஒன்றல்ல என்றாலும், இரண்டின் மூலப்பொருளும் ஒன்றுதான். எடையை மாத்திரம் வைத்துக் கணக்கிட்டால், பீரங்கி ஒரு தடவை முழங்கும்போது மூவாயிரத்துக்கும் அதிகமான ரைஃபிள் தோட்டாக்களுக்கான மருந்து எரிந்துபோகிறது. யுக்ரேன் போர்முனையில் இரு தரப்பும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அத்தகைய குண்டுகளை ஏவி வந்திருக்கின்றன.

ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளை யுக்ரேனுக்கு வழங்குவதாக 2023 மார்ச்சில் உறுதியளித்த ஐரோப்பிய ஒன்றியத்தால் அந்தக் காலக்கெடுவுக்குள் அதை நிறைவேற்ற முடியவில்லை. குண்டின் இரும்புக் கூட்டை விட, அதை ஏவும் மருந்துக்கும் அதனுள் இடும் வெடிபொருளுக்கும்தான் பற்றாக்குறை அதிகம் என்பது அப்போது தெளிவாயிற்று. 2023 ஜூலையில் 50 கோடி யூரோ மதிப்பில் ஒன்றியம் கொண்டுவந்த உற்பத்தி ஆதரவுத் திட்டத்தில், ஏறத்தாழ முக்கால் பங்கு நிதி அந்த இரண்டின் உற்பத்தித் திறனைப் பெருக்கவே ஒதுக்கப்பட்டது. 2025இல் ரைன்மெட்டல் நிறுவனம், ஜெர்மனியில் வர்ணத் தொழிலுக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வழங்கி வந்த ஹாகெடோர்ன் நிறுவனத்தை வாங்க முன்வந்தது. அதன் உற்பத்தியை இராணுவத் தேவைக்குத் திருப்புவதே அதன் நோக்கம்.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலும் இதே நிலைதான். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை பெருகியபோது பிரைமர்கள் கடைகளிலிருந்து மறைந்தன. அந்தத் தட்டுப்பாடு தணியத் தொடங்கிய வேளையில் மருந்துக்கான தட்டுப்பாடு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மருந்து வணிகப் பெயர்களுள் ஒன்றான அலையன்ட், உலகளாவிய நைட்ரோசெல்லுலோஸ் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2024இல் தன் விநியோகத்தை இடைநிறுத்தியது.

இந்த வரிசையில் முதலில் நிற்பவை இராணுவங்கள். அவற்றின் பின்னால் காவல்துறைகளும், முழுத் தோட்டாவைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. ஒரு கிலோகிராம் டப்பாவில் மருந்து வாங்கும் தனிநபர் வரிசையின் இறுதியில் நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் எடுத்துக்கொண்டதன் மீதிதான். விம்மிஸ் தொழிற்சாலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அந்த வரிசையில் அவருடைய இடம் மாறிவிடுவதில்லை.

சிக்கனத்தின் வழிகள்

இந்நிலையில் சங்க உறுப்பினர்கள் கைக்கொள்ளக்கூடிய வழிகள் எளிமையானவை. பலர் ஒன்றுசேர்ந்து உள்நாட்டு உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கினால், கையாளும் செலவு பகிர்ந்துகொள்ளப்படும். விலை குறையும்போது ஒரே வகை மருந்தைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் வாங்கி வைக்கலாம். கூடுகளைப் பத்திரமாகச் சேகரித்துப் பல தடவைகள் பயன்படுத்தலாம். பயிற்சிக்கு இராணுவத் தோட்டாவையும், போட்டிக்கு மாத்திரம் வீட்டில் நிரப்பியதையும் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் எதுவும் பெரிய சேமிப்பைத் தந்துவிடாது. சேமிப்பின் மிகப் பெரிய பங்கு அரசின் சலுகைத் தோட்டாவில்தான் இருக்கிறது. அந்தச் சலுகையோ, துப்பாக்கி ஏந்திய குடிமகனே நாட்டின் பாதுகாவலன் என்ற பழைய கருத்தின் மீது நிற்கிறது. அந்தக் கருத்து இந்நூற்றாண்டில் மூன்று தடவைகள் கடுமையாகச் சோதிக்கப்பட்டது.

நம்பிக்கையின் எல்லைகள்

2001 செப்டம்பரில் சூக் மாநில நாடாளுமன்றத்துக்குள் புகுந்த துப்பாக்கிதாரி ஒருவர் 14 பேரைச் சுட்டுக் கொன்றது முதலாவது அதிர்ச்சி. 2007 நவம்பரில் சூரிச் நகரில் பேருந்துக்காகக் காத்திருந்த 16 வயதுப் பெண்ணை, பயிற்சி முடித்த இராணுவச் சிப்பாய் ஒருவர் இராணுவத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றது இரண்டாவது. படையினர் வீட்டில் வைத்திருந்த, முத்திரையிட்ட 50 தோட்டாக்கள் கொண்ட டப்பாக்களைத் திரும்பப் பெறும் முடிவு அந்த ஆண்டில்தான் எடுக்கப்பட்டது.

எனினும், இராணுவத் துப்பாக்கிகளையே வீடுகளிலிருந்து அகற்றக் கோரிய மக்கள் முன்முயற்சி, 2011 பெப்ரவரி 13ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 56 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது சோதனை வெளியிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையாக்கப்பட்ட ஆயுத நெறிமுறையை ஏற்காவிட்டால், எல்லைச் சோதனையற்ற ஷெங்கன் உடன்படிக்கையில் சுவிட்சர்லாந்தின் இடம் கேள்விக்குறியாகும் நிலை ஏற்பட்டது. 2019 மே 19ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் அந்த மாற்றத்தை ஏற்றனர். மாநிலங்களில் டிச்சினோ மாத்திரமே அதை நிராகரித்தது.

இந்த மூன்று சோதனைகளிலும் வீட்டில் தோட்டா நிரப்பும் உரிமை கைவைக்கப்படாமல் தப்பியது. இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. சிப்பாயிடமிருந்து முத்திரையிட்ட டப்பாவைத் திரும்பப் பெற்ற அரசு, அதே சிப்பாய் குடிமகன் என்ற முறையில் தன் நிலவறையில் தோட்டா நிரப்புவதைத் தடுக்கவில்லை. டப்பாவில் இருந்தவை 50 என்று எண்ணப்பட்டவை. நிலவறையில் உள்ளவற்றை எவரும் எண்ணுவதில்லை.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்போருக்கு இது ஓர் ஓட்டையாகத் தெரியலாம். துப்பாக்கி சுடும் சங்கங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தோட்டா நிரப்புபவர் பெரும்பாலும் பல ஆண்டு அனுபவமுள்ள சங்க உறுப்பினர், கோபத்தில் துப்பாக்கியைத் தூக்குபவர் நிலவறையில் மணிக்கணக்கில் அமர்ந்து மருந்தை நிறுத்துக்கொண்டிருப்பதில்லை என்பதே அது. குற்றங்களில் பயன்படுபவை பொதுவாகத் தொழிற்சாலைத் தோட்டாக்களே என்ற வகையில் இரண்டாவது வாதத்துக்கு வலு அதிகம். ஆயினும், மருந்து அரிதாகி விலை ஏறும்போது கள்ளச் சந்தைக்கும் தரமற்ற பொருளுக்கும் வழி திறக்கும் என்பதால், எண்ணப்படாத அந்த இடத்தின் மீதான கவனமும் அதிகரிக்கக்கூடும்.

வரிசைக்கு வெளியே நிற்பவர்கள்

விலையைப் பற்றிய இந்த விவாதத்தில் பங்கேற்கவே முடியாத ஒரு பிரிவினரும் உண்டு. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதிகளின் 12ஆவது பிரிவு, குறிப்பிட்ட சில நாடுகளின் பிரஜைகள் ஆயுதங்களையோ தோட்டாக்களையோ தோட்டாவின் பாகங்களையோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. துப்பாக்கியால் சுடுவதும்கூட அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. செர்பியா, பொஸ்னியா ஹெர்சகோவினா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா ஆகியவற்றுடன் அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ள இன்னொரு நாடு இலங்கை.

1980கள் முதல் போரிலிருந்து தப்பி வந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய இலங்கைத் தமிழர்களும் அவர்களது பிள்ளைகளும் இன்று ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். அவர்களில் பெருந்தொகையானோர் சுவிஸ் குடியுரிமை பெற்றுவிட்டனர். பிறநாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெறுபவர், தனியே விண்ணப்பித்துத் தக்கவைத்துக்கொண்டாலன்றி இலங்கைப் பிரஜையாக நீடிப்பதில்லை என்பது இலங்கைச் சட்டம். எனவே, அவ்வாறு சுவிஸ் பிரஜையாக மட்டும் ஆனவர்களை இந்தத் தடை தொடுவதில்லை. நிரந்தர வதிவிட அனுமதியுடன், ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுடன் வாழ்பவர்களையே அது தொடுகிறது.

இதன் பொருள் என்ன என்பதை ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஓஸ்டர்முண்டிகனில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து, உழைத்து, வரி செலுத்தும் ஒரு தந்தை இலங்கைப் பிரஜையாகவே இருக்கிறார். அங்கேயே பிறந்து சுவிஸ் குடியுரிமை பெற்ற மகன், இராணுவ சேவைக்குச் சென்று திரும்பும்போது இராணுவத் துப்பாக்கியுடன் வீடு வருகிறார். மகன் சங்கத்தில் சேர்ந்து சலுகை விலையில் தோட்டா பெறலாம், விரும்பினால் வீட்டில் நிரப்பலாம். அதே மேசையில் அமரும் தந்தை, மாநில அரசு விசேட அனுமதி வழங்கினாலன்றி, ஒரு வெற்றுக் கூட்டைக்கூட அந்த நோக்கத்துக்காக வாங்க முடியாது. மகனின் துப்பாக்கி தந்தையின் கைக்கு எட்டாதவாறு வைக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்திலிருந்து பெறப்படும் கடமையே.

இந்தத் தடைக்கு அரசின் பக்கம் காரணங்கள் உண்டு. தவறான பயன்பாட்டுக்குக் கணிசமான அபாயம் இருந்தாலோ, வெளியுறவுக் கொள்கை அவசியப்படுத்தினாலோ, குறிப்பிட்ட நாட்டவர்கள் மீது தடை விதிக்க ஆயுதச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. 1990களில் பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் அல்ஜீரியாவிலும் இலங்கையிலும் மோதல்கள் நடந்துகொண்டிருந்தன. சுவிட்சர்லாந்தின் தாராளமான ஆயுதச் சந்தையிலிருந்து அந்தப் போர்முனைகளுக்கு ஆயுதம் சென்றுவிடக் கூடாது என்ற அச்சம் அன்று அடிப்படையற்றதல்ல.

ஆனால், இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. அதன் பின்னரும் பட்டியலில் இலங்கையின் பெயர் தொடர்வது, தனிமனிதரின் நடத்தையை விடுத்து அவரது கடவுச்சீட்டை வைத்து அபாயத்தை அளவிடுவதாகிறது என்ற விமர்சனத்துக்கு இடமளிக்கிறது. வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கும் தற்கொலை அபாயம் உள்ளவருக்கும் துப்பாக்கியை மறுக்கும் விதிகள் சட்டத்தில் தனியே இருக்கின்றன. அவை எந்த நாட்டவருக்கும் பொருந்துபவை. அப்படியிருக்க, நாட்டின் பெயரால் ஒரு தடை எதற்கு என்பது நியாயமான கேள்வியே. அந்தப் பட்டியல் இருப்பது சட்டத்தில் அல்ல, ஒழுங்குவிதியில் என்பதால், நாடாளுமன்றத்துக்குச் செல்லாமல் சமஷ்டி அரசாங்கமே அதை மாற்றிவிட முடியும்.

பெரும்பாலான தமிழர்களுக்குத் துப்பாக்கி வாங்கும் விருப்பமே இல்லை என்பதும் உண்மைதான். துப்பாக்கியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதன் மீது ஆசை பிறப்பது அரிது. ஆனால், சுவிஸ் கிராமங்களில் சுடும் சங்கம் என்பது வெறும் விளையாட்டுக் கழகம் அல்ல. ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் கூடுகின்ற, ஊரின் ஒருவராக ஏற்றுக்கொள்ளப்படுகின்ற இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் வாசலில் கடவுச்சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படுவது, தோட்டாவின் விலையோடு தொடர்பில்லாத இன்னொரு இழப்பாகும்.

இனி என்ன

ஐரோப்பாவில் புதிய மருந்துத் தொழிற்சாலைகள் எழுந்து வருகின்றன. அவை முழு உற்பத்தியை எட்டும்போது தட்டுப்பாடு தணியலாம். ஆனால், வெறுமையாகிவிட்ட தங்கள் கிடங்குகளை நிரப்ப ஐரோப்பிய இராணுவங்களுக்கு நெடுங்காலம் பிடிக்கும். யுக்ரேனில் துப்பாக்கிகள் ஓய்ந்தாலும், அந்தக் கொள்வனவு உடனே ஓய்ந்துவிடாது. ஆகவே, பெருந்தொற்றுக்கு முந்தைய விலைக்கு மருந்து விரைவில் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஓஸ்டர்முண்டிகனின் நிலவறையில் மருந்தை நிறுத்துக்கொண்டிருப்பவர் தன் சேமிப்பைத் தானே தீர்மானிப்பதாக எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவருடைய தராசின் மறுதட்டில் இராணுவங்களின் கொள்வனவு ஆணைகளும், பெர்னில் தீர்மானிக்கப்படும் சலுகை விலையும் ஏறி அமர்ந்திருக்கின்றன. அவருடைய அயல் வீட்டில் இலங்கைக் கடவுச்சீட்டுடன் வாழ்பவருக்கோ, மருந்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் வேறுபாடில்லை. முதலாமவர் வரிசையின் இறுதியில் நிற்கிறார். இரண்டாமவருக்கு, போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னரும், வரிசையில் இடமே அளிக்கப்படவில்லை.